சாயத் தண்ணீர் தெளியும்வரை

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சிறிய நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். என் கணவரை முதலில் பார்த்ததும் அங்கேதான். நான் சேர்ந்த பிறகு ஃபிட்டராக வந்தவர்.

பட்டில் ஏறாமல் மிஞ்சிய சாயமெல்லாம் எங்களிடம் வரும். ஒருநாள் அரக்குச் சிவப்பு, மறுநாள் மயில்கழுத்து. தொட்டியில் சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்தால் சாயம் திரிந்து சேறாகிவிடும். அதைப் பம்பு, ஃபில்டர் பிரஸ் என்னும் வடிகட்டும் இயந்திரத்துக்குள் தள்ளும். நெருக்கி அடுக்கிய தட்டுகள், ஒவ்வொன்றின் இருபுறமும் கெட்டித் துணி. தண்ணீர் துணியைக் கடந்து, தட்டுக்கொன்றாக உள்ள சின்னக் குழாய் வழியே கால்வாயில் விழும். சேறு நடுவில் தங்கி இறுகும்.

முதலில் விழும் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். வந்த புதிதில் அதைப் பார்த்துப் பதறி, அவர் பம்பை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க. துணி மேல கொஞ்சம் சேறு படியட்டும். அப்புறம் அந்தச் சேறே வடிகட்டும்" என்றேன்.

"சேத்த சேத்தாலயே புடிக்கிறீங்களா!" என்று சிரித்தார்.

இருவரும் குழாய்களைப் பார்த்தபடி நின்றோம். மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்தது. பிரஸ்ஸை அவசரப்படுத்த முடியாது. அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றினால் துணி அடைத்துக்கொள்ளும். அந்தக் காத்திருப்பில்தான் பேசத் தொடங்கினோம். பேசிப் பேசியே கல்யாணமும் ஆயிற்று.

பிறகு ஓமனில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது. வைகாசியில் கருட சேவைக்கு வந்துவிடுவேன் என்றார். அவருக்காகப் புதுத் தலையணை உறைகூடத் தைத்து வைத்தேன். கடைசி நேரத்தில் விடுப்பு இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

கருட சேவையன்று காலை, பிரஸ்ஸின் ஒரு குழாயில் மட்டும் சிவப்பாகத் தண்ணீர் கொட்டியது. அந்தத் தட்டின் துணி கிழிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. சாமி ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைத்திருந்ததால் பழுது பார்ப்பவர்கள் வர முடியவில்லை. பம்பை நிறுத்தினேன். என்னோடு வேலை செய்யும் அக்காவும் நானும் மட்டும்தான். என்ன செய்ய வேண்டுமென்று தெரியும். ஆனாலும் அவரை வீடியோவில் அழைத்தேன்.

"இன்னாமா ஆச்சு?"

"துணி கிழிஞ்சிடுச்சு. நாங்களே மாத்தப் போறோம். நீங்க சும்மா லைன்ல இருங்க."

"நான் எங்கயும் போவல. பாத்துக்கினே இருக்கேன்."

போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். தட்டுகளைத் தள்ளிப் பிரித்தோம். ஓரத்தில் சுரண்டாமல் விட்ட பழைய சேற்றுக் கட்டி ஒன்று காய்ந்து, துணியைக் குத்திக் கிழித்திருந்தது.

"நீ புடிமா, நான் இழுக்கறேன்" என்றார் அக்கா.

புதுத் துணியை மாட்டி முடிப்பதற்குள் முழங்கைவரை சிவப்பு. திரும்பிப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பம்பைப் போட்டதும் கலங்கலாக வந்த தண்ணீர், கொஞ்ச நேரத்தில் எல்லாக் குழாய்களிலும் தெளிந்து விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அதான் சரியாய்டுச்சே. அழுவாதமா" என்றவர், தயங்கிக் கேட்டார்: "அங்க மேளம் கேக்குதா?"

போனை வாசலுக்கு எடுத்துப் போய், சத்தம் வந்த பக்கம் நீட்டினேன். எங்கோ வாணவெடி, காற்றில் விட்டுவிட்டு நாதசுரம். கை வலித்தும் இறக்க மனம் வரவில்லை.

ஐப்பசி மழையில்தான் வந்தார். மறுநாளே, "நானும் வர்றேன்" என்று என்னோடு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மத்தியானம் என் டப்பாவிலேயே இருவரும் சாப்பிட்டோம். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில், அந்தப் பம்புச் சத்தத்திலேயே தூங்கிப்போனார். ஓமன் வெயில் அவர் நெற்றியைக் கறுக்க வைத்திருந்தது. பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். எழுப்பவில்லை.

விடுப்பு முடிந்ததும் போய்விட்டார். இந்த ஒப்பந்தம் முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நம்புகிறேன். ஆனாலும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கண் வாசலுக்குப் போய்விடுகிறது.