கீசரின் மூச்சு

எங்கள் காரைக்குடி வீட்டுப் பழைய கீசர் இரண்டு நாளாக உறுமிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக் நல்ல உயரம். இடது புருவத்தில் பாதிதான் இருந்தது. எதையும் தொடும் முன் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்.

கீசர் கொல்லைப்புறச் சுவரில் இருந்தது. சுவருக்கு மறுபக்கம் குளியலறை. நீட்டிய கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கீழ இருக்க வால்வ யாரு அடைச்சது?"

"நான்தான். ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, பசை வச்சு அடைச்சேன்" என்றேன் பெருமையாக.

"உள்ள யாரு குளிக்கிறாக?"

"என் சம்சாரம்."

"குழாயத் தொடாம உடனே வெளிய வரச் சொல்லுங்க."

அவர் குரல் தணிந்த விதத்தில் நான் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சேலையைச் சுற்றிக்கொண்டு சோப்பு நுரையோடு வந்தவளையும் என்னையும் தெருவுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் நின்றோம். உறுமல் அடங்கிய பிறகுதான் பேசினார்.

"அது ஒழுகல சார், மூச்சு விட்டுச்சு. நீங்க மூக்க அடைச்சுட்டீக. அழுத்தம் ஏறி இன்னும் கொஞ்ச நேரத்துல வெடிச்சிருக்கும்."

அந்தப் புருவம் எப்படிப் போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது புது கீசர். காலையில் அதன் வால்வு சொட்டும் சத்தம் கேட்கும்வரை நான் யாரையும் குளிக்க விடுவதில்லை.