உச்சியில் ஒரு கல் உப்பு

செங்கோட்டை மலையில் முதன்முதலில் போட்ட மாட்டு வண்டிப் பாதையைப் பற்றி எழுத ஆசைப்பட்டு, தூத்துக்குடி உப்பளத்திலிருந்து கேரளாவுக்குப் போன லாரியில் ஏறினேன். ஓட்டுநர் அண்ணாச்சிக்கு மீசை பெரிது. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேதான் பேசுவார். அன்றைக்கு அவருடைய கிளீனர் வரவில்லை. எதிர் வண்டிக்காக வளைவில் நின்றால், லாரி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஆள் வேண்டும்.

"முத வண்டி எப்படி ஏறிச்சுங்கது பெரிய கதை சார். வளைவு வந்துட்டு. இறங்கிக் கட்டையை வைங்க, சொல்லுதேன்."

வைத்தேன். அந்த வண்டியிலும் உப்புதான் என்றார். அதற்குள் அடுத்த வளைவு. பாதி மலையில் என் சட்டை நனைந்துவிட்டது; அவருடைய மாட்டு வண்டி இன்னும் அடிவாரத்தைத் தாண்டவில்லை.

உச்சியில் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, எப்படித்தான் ஏறிச்சு?"

"மாடு பாதியில படுத்துட்டு. வண்டிக்காரன் உப்பை மோந்து பாக்க விட்டான், நக்க விடல. மேல வந்தாத்தான் உப்புன்னுட்டான். ஏறிட்டு."

மூட்டையிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

வாயில் போட்டுக்கொண்டு, இறக்கத்துக்கு என்ன கதை என்று கேட்டேன்.