கழிவறைச் சுவரில் இல்லாத பெயர்

எங்கள் டச்சு நகரமான குரோனிங்கனில் பேருந்து ஓட்டும் ரென்ஸ்கே, எனக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். ஆறு வருடமாக வொப்பேயின் காதலி. வொப்பேவுக்குத் தினெக்கே என்று மனைவி உண்டு. இதில் ஒளிவுமறைவே கிடையாது. மூவரும் ஒரே மேசையில் பட்டாணி சூப் குடித்தபடி விதிகள் எழுதியவர்கள். வியாழக்கிழமை ரென்ஸ்கேயுடையது, வொப்பே வராவிட்டால் காரணம் கேட்கக் கூடாது, பொறாமை வந்தால் மனம்விட்டுப் பேச வேண்டும். கல்யாணத்துக்கு முன் நானும் என் கணவரும் இவ்வளவு பேசியதில்லை. பேசியிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது.

போன வெள்ளிக்கிழமை காபிக்குக் கூப்பிட்டாள். முகம் தொங்கிக் கிடந்தது. முந்தின நாள் வொப்பே வரவில்லை. விதிப்படி இவளும் கேட்கவில்லை. அதுதான் வருத்தம் என்று நினைத்தேன்.

"அது இல்லடி. அவங்க வீட்டு டாய்லெட்ல பிறந்தநாள் காலண்டர் தொங்குதுல்ல? அதுல என் பேரு இல்ல."

வேண்டியவர்களின் பெயரை அவரவர் பிறந்த தேதியில் எழுதிவைக்கும் காலண்டர் அது. இங்கே எல்லார் வீட்டிலும் அது கழிவறையில்தான் தொங்கும், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. பிறந்தநாளுக்கு இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. காலண்டரைப் பார்த்து நாமாகப் போய், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து கேக் தின்ன வேண்டும்.

"பல் டாக்டர் பேரு இருக்கு. செத்துப்போன நாய் பேரு கூட இருக்கு. ஆறு வருஷமா பாக்குறேன், என் தேதி காலியாவே கெடக்கு."

"மனசு விட்டுப் பேசணும்னு விதி இருக்கே, பேச வேண்டியதுதானே?"

"படுக்கையப் பத்தின்னா பேசிடலாம். டாய்லெட்டப் பத்தி எப்படிடி பேசுறது?"

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு வந்த சிரிப்பைக் காபிக் கோப்பைக்குள் மறைத்துக்கொண்டேன். பாவம், அந்த வீட்டு மனுஷியாகத் தன்னை எண்ண வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

நான் எழுந்து அவள் கழிவறைக்குப் போனேன். அவளுடைய காலண்டரைப் பன்னிரண்டு மாதமும் புரட்டினேன். வொப்பே சிவப்பு மையில் இருந்தான். நானும் இருந்தேன்.

"ஏய், இதுல தினெக்கே பேரு எங்கடி?"

ரென்ஸ்கே எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். எந்தத் தேதியில் எழுதுவது? என் முன்னாலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தினெக்கே, உன் பிறந்தநாள் என்னைக்கு?"



"நேத்து," என்றாள் தினெக்கே. "வருஷா வருஷம் உனக்கும் ஒரு நாற்காலி போட்டுத்தான் வைக்கிறேன்."