பெல்மீராவுக்கு ஒரு மெழுகுதிரி

குருநகர் அற்புதராணி நேர்த்தி வைத்தது கோயிலில் அல்ல, லூர்த்தம்மா வீட்டு ரீவிக்கு முன்னால். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, "பலிச்சதோ?" என்று கேட்டார்கள். பலித்தது. அதுதான் அவளுக்கு வந்த கரைச்சல்.

அவள் பேதுருவின் மனைவி. அவன் பிடித்துவரும் நண்டைப் பெட்டியில் சுமந்து விற்பவள். மற்றப் பெண்கள் தெரு முழுக்கக் கேட்கக் கூவுவார்கள். இவள் படலையடியில் நின்று பெட்டியின் மூடியை மட்டும் திறப்பாள். வாயில்லாப் பூச்சி என்று பேர். அவளுக்குப் பிறந்த ஒரே பிள்ளை யோசப்பின், ஐந்து வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. சிரிப்பாள், அழுவாள், கையைக் காட்டிக் கேட்பாள். சொல் மட்டும் வராது. ஆசுப்பத்திரியில், கதைக்கிற நேரம் கதைப்பாள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒழுங்கையில் அயல்சனம், "தாயின்ரை வாய்தானே மகளுக்கும்" என்றது. அந்தக் கதை அற்புதராணிக்கு முள்ளாய்க் குத்தியது.

தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கம், கரண்ட் இருந்த காலம். சனிக்கிழமை பின்னேரங்களில் லூர்த்தம்மா வீட்டில் ஒழுங்கையே கூடும். ஏதோ ஒரு வெளிநாட்டு நாடகம். பேசுவது என்ன பாஷை என்று ஒருவருக்கும் தெரியாது. அடியில் ஓடிய எழுத்து சிங்களம், அதுவும் தெரியாது. ஆனால் மலையடியில் ஒரு கல்லுக்கோயில், சுரூபங்கள், செபமாலை, வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு கன்னியாஸ்திரி. அவளை எல்லாரும் பெல்மீரா என்று கூப்பிட்டார்கள். அவள் போகும் வழியில் சனங்கள் முழந்தாளில் நின்று உடுப்பு நுனியை முத்தமிட்டார்கள். அந்த ஊரில் நீனா என்றொரு பெட்டையைப் பசாசு பிடித்திருந்தது. கட்டில் எழும்பும், கோப்பைகள் தானாக விழும், பெட்டையின் வாயிலிருந்து ஆம்பிளைக் குரல் வரும்.

பாஷை தெரியாத குறையை லூர்த்தம்மா தீர்த்துவைத்தாள். "இப்ப மதர் வாறா. பசாசு கட்டிலுக்குக் கீழை பூந்திட்டுது. எடியே, பெடியளின்ரை கண்ணைப் பொத்துங்கோ!" அவள் சொன்னதுதான் கதை.

ஒரு சனிக்கிழமை, வாய் பேசாத ஆட்டுக்காரப் பையன் ஒருவனின் உதட்டில் பெல்மீரா இரண்டு விரலை வைத்தாள். அவன் பேசினான். மடியில் யோசப்பின் இருந்தாள். அற்புதராணி ஒருவருக்கும் கேட்காமல் உதட்டுக்குள் சொன்னாள்: "தாயே, என்ரை பிள்ளை கதைச்சால் அவளின்ரை உயரத்துக்கு உனக்கொரு மெழுகுதிரி கொளுத்துவன்."

ஜூன் தொடக்கத்தில் வந்த கட்டம்தான் அவர்கள் கடைசியாகப் பார்த்தது. நீனாவைக் கட்டிப்பிடித்தாள் பெல்மீரா. பெட்டை துவண்டு விழுந்தாள். மதர் வாயில் கையை வைத்தபடி சுவரோடு சாய்ந்தாள். தோள் குலுங்கியது. கண் வெள்ளையாய்ப் புரண்டது.

"ஐயோ! மதருக்குள்ளை பூந்திட்டுது! பாருங்கோ, சிரிக்கிறாள்!" என்று லூர்த்தம்மா கத்தினாள். பாட்டுப் போட்டு நாடகம் முடிந்தது. மிச்சம் அடுத்த சனி.

அடுத்த சனி வரவில்லை. சண்டை தொடங்கியது, கரண்ட் நின்றது. ரீவிக்கு மேல் லூர்த்தம்மா வெங்காயம் காயவைத்தாள்.

ஆமி இருந்த கோட்டையைப் பிடிக்கிற சண்டை மும்முரமாக நடந்த நாளொன்றில், ஒழுங்கை முழுவதும் ஒரே பங்கருக்குள் நெருங்கி இருந்தது. மேலே ஆமிக்காரரின் ஹெலி வட்டமடித்தது. "அருள் நிறைந்த மரியாயே" என்று ஒருத்தி தொடங்க, பயத்தில் மற்றவர்களுக்குப் பதில் சொல்லும் குரல் எழும்பவில்லை. அந்த அமைதிக்குள் யோசப்பின் மேலே பார்த்து, வலை சிக்கினால் பேதுரு சொல்லும் ஒரு சொல்லைத் தெளிவாக, ழகரமும் பிசகாமல் சொன்னாள். தாளில் எழுதக்கூடாத சொல். பிறகு, "போடா!" என்றாள்.

பங்கர் வெடித்துச் சிரித்தது. ஹெலி போன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. "வாய் திறந்ததே திறந்தாள், மாணிக்கமெல்லோ விழுந்திருக்கு!" என்று லூர்த்தம்மா கண்ணைத் துடைத்தாள். பேதுரு மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அழுதான். அற்புதராணி மட்டும் தான் வைத்த நேர்த்தியை நினைத்தாள்.

தந்தது யார்? கடைசியாகப் பார்த்தபோது பெல்மீராவுக்குள் இருந்தது பசாசு. பெல்மீரா அதை வென்ற பிறகு தந்திருந்தால் திரி கொளுத்தவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கொடுத்த பேச்சை அவள் திருப்பி எடுத்துக்கொள்வாள். பசாசு வென்று அது தந்திருந்தால், கொளுத்துகிற திரி பசாசுக்கல்லவா போகும்? பிள்ளை அதற்குச் சொந்தமாகிவிடும். முதல் சொல்லே அந்தச் சொல்லாய் இருந்ததே!

ஒருநாள் துணிந்து, கோயிலில் பூசை வைக்கும் சுவாமியிடம் போனாள்.

"பெல்மீராவோ? எந்த ஊர் அர்ச்சிஷ்டவ?"

"ரீவியிலை வந்தவ, சுவாமி."

சுவாமி சிரிக்கவில்லை. புனிதர்களின் பேர் உள்ள புத்தகத்தில் தேடியும் பார்த்தார். "இல்லைப் பிள்ளை. அவ நடிக்கிற மனுசி. வேலை முடிய வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டுப் படுப்பா."

"தெரியும், சுவாமி. நடிச்சவவுக்கு நான் நேர்த்தி வைக்கேல்லை. அவ ஆராய் நடிச்சவவோ, அவவுக்குத்தான்."

சுவாமி தாடியைத் தடவினார். "மோட்சத்திலை எங்களுக்குப் பேர் தெரியாத ஆக்கள் கனபேர் இருக்கினம்."

"நரகத்திலையும் இருக்கினமே, சுவாமி."

சுவாமி புத்தகத்தை மூடிவைத்தார்.

முடிவைப் பார்த்தவர் யாராவது இருந்தால் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். கொழும்பில் கரண்ட் நிற்கவில்லையே. கிளாலிக் கடலால் வள்ளத்தில் ஆட்கள் கொழும்புக்குப் போய்வரத் தொடங்கியதும், வாய்பேசாத அற்புதராணி தெருத்தெருவாய்க் கேள்வி கேட்கிறவளானாள். நண்டுப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "கொழும்பாலையோ வாறியள்? ஒரு நாடகம்..." என்று தொடங்குவாள். ஒருத்தி, மதர் செத்துப்போனா என்றாள். இன்னொருத்தி, அவ கலியாணம் கட்டினா என்றாள். அது வேறு நாடகம். பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் சோமசேகரம் என்ற இளைப்பாறிய தபால் கந்தோர்க்காரர், பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போய்வந்தவர், பொறுமையாகக் கேட்டார்.

"மகளின்ரை வீட்டிலை அதைத்தான் பாத்தவை. எனக்கு உந்தப் பேய்ப்படம் பிடிக்காது. எழும்பிப் போய்ப் படுத்திட்டன்."

"முடிஞ்சாப்போலை எல்லாரும் அழுதவையோ, சிரிச்சவையோ, ஐயா?"

"தேத்தண்ணி குடிச்சவை," என்றார் சோமசேகரம்.

இதற்கிடையில் யோசப்பின் வளர்ந்துகொண்டிருந்தாள். உயரம் கூடக் கூடத் திரியும் நீண்டது. மெழுகுதிரியோ அரசாங்கம் இந்தப் பக்கம் வரவிடாமல் தடைசெய்த சாமான், கடையில் விரல் நீளத் துண்டுகூட இல்லை. பிள்ளை ஒருநாள் காய்ச்சலில் பேசாமல் படுத்திருந்தால் தாய்க்குச் சோறு இறங்காது. திருப்பி எடுத்துவிட்டாளோ?

அப்படியொரு காய்ச்சல் மாறிய பின்னேரம், மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேரைக் கேட்டவளுக்கு மடியில் கிடந்தவளைக் கேட்கவேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

"பிள்ளை, லூர்த்தம்மா வீட்டு நாடகம் ஞாபகமிருக்கோ?"

"மதர் பசாசை விழுங்கினதோ?"

அற்புதராணியின் கை நின்றது. "விழுங்கினவவோ? அது அவவுக்குள்ளை பூந்ததெல்லோ?"

"பூரேல்லை. அவதான் வாயைத் திறந்து கூப்பிட்டவ. நீனாவை விடட்டும் எண்டு. பிறகு இப்பிடிப் பொத்தினவ." யோசப்பின் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக் காட்டினாள்.

"சிரிச்சவ எண்டு லூர்த்தம்மா மாமி சொன்னாவே."

"அவ சிரிக்கேல்லை அம்மா. அது உள்ளுக்கை நிண்டு உதைச்சது. வாயைத் திறந்தால் வெளியிலை வந்திடுமெல்லோ? அதுதான்." பிறகு பசாசுக்கு உரிய மரியாதையோடு தகப்பனின் சொல்லையும் சேர்த்துக்கொண்டாள்.

அற்புதராணி கண்ணை மூடி அந்தக் கட்டத்தைத் திரும்பப் பார்த்தாள். குலுங்கிய தோள். சுவரில் சாய்ந்த தலை. வாயில் கை. சிரிப்பவள் எதற்கு வாயை அவ்வளவு இறுக்கிப் பொத்துவாள்? ஒழுங்கை முழுவதும் லூர்த்தம்மாவின் வாயால் நாடகம் பார்த்திருக்கிறது. மடியில் இருந்த வாயில்லாத ஒருத்திதான் கண்ணால் பார்த்தவள்.

"நீ ஏனடி இவ்வளவு காலமும் வாயைத் திறக்கேல்லை?"

"சும்மா," என்றாள் யோசப்பின்.

கோயில் கூட்டித் துடைக்கும் கிறகோரி, நேர்த்தித் திரிக்கென்று பீடங்களில் வடிந்த மெழுகைச் சுரண்டிச் சேர்த்துக் கொடுத்தார். பேதுரு அதை உருக்கி, பழைய வேட்டியில் திரி முறுக்கி, பப்பாசி இலைக்காம்புக் குழலில் வார்த்தான். இரண்டு குழலை ஒட்டியும் திரி யோசப்பினின் நெஞ்சுக்குத்தான் வந்தது. அற்புதராணியின் முகம் வாடியது.

"ஏன் யோசிக்கிறாய்? முழந்தாளிலை நிக்கச் சொல்லு," என்றார் கிறகோரி. "கோயிலுக்குள்ளை ஆளின்ரை உயரம் எண்டால் அதுதான்."

யோசப்பின் முழந்தாளில் நின்றாள். அளவு சரியாக இருந்தது.

சுரூபம் இல்லாதவளுக்கு எங்கே கொளுத்துவது? பக்கக் கதவடியில், வெறுஞ்சுவருக்கு முன்னால் வைத்தார்கள். சுவாமி கண்டார், காற்றுப் படாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறு ஞாயிறு பூசைக்குப் போனபோது, அந்தச் சுவரடியில் பால்மாத் தகரப் பேணியொன்றில் நித்தியகல்யாணிப் பூ இருந்தது. அற்புதராணி வைக்கவில்லை. அதற்கு முன்னால், எங்கிருந்தோ இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு முழந்தாளில் நின்றாள்.

"இஞ்சை ஆரக்கா இருக்கிறது?" என்று அவள் கேட்டாள். "சனம் கும்பிடுறதைக் கண்டன். சுரூபத்தைக் காணேல்லை."

அற்புதராணி அக்கம்பக்கம் பார்த்தாள். சுவாமி தூரத்தில் நின்றார்.

"பெல்மீரா," என்றாள் மெதுவாக. "பிள்ளையளுக்கு நல்லவ."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துச் சுவரில் தொடவைத்தாள்.