கண்கள் ஒட்டிய ஈ

கம்பெனியில் என் வேலை இடைவெளி அளப்பது. இரண்டு உதிரிபாகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை விட்டுப் பார்ப்பேன். நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். ஓசூருக்கு வந்த நாளிலிருந்து இதையே செய்து, இப்போதெல்லாம் வீட்டுக் கதவிடுக்கைக்கூட முறைத்துப் பார்க்கிறேன்.

எனக்குப் பகல் ஷிப்ட், என் கணவருக்கு நைட் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் சேர்ந்து ஜவளகிரிப் பக்கம் ஈ பிடிக்கப் போவோம். சிரிக்காதீர்கள். மாட்டைக் கடிக்கும், கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய ஈ இருக்கிறதே, அந்த டபானஸ் பேரினத்தின் மேல் எங்களுக்குப் பைத்தியம். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். எந்த இனம் என்று சொல்ல, முதுகுப்பக்கத்து வெள்ளை முக்கோணங்களையும் இரு கண்களுக்கு நடுவே உள்ள பட்டையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். நடுவே இடைவெளியா? அது என் ஏரியா ஆச்சே!

போன மாதம் ஒரு பூவின் மேல் ஓர் ஈ சிக்கியது. லென்ஸில் பார்த்தேன். இரண்டு கண்களும் ஒட்டியிருந்தன. இடைவெளியே இல்லை.

"என்னங்க, இது புது இனங்க! யாருமே பாக்காதது!"

"அவசரப்படாத. யாரையாச்சும் கேட்டுக்கலாம்."

கேட்பேனா நான்? நானே கண்டுபிடித்ததாக ஒன்றாவது இந்த உலகத்தில் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. வரும் வழியிலேயே மைசூர்பாகு வாங்கி, மறுநாள் கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிற எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் முன்பு பிடித்த, இடைவெளி உள்ள ஈ. இன்னொன்றில் என் புது இனம்.

பிறகுதான் ஈக்களை ஆராயும் பெங்களூர் பேராசிரியர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். சாயங்காலம் நான் வேலை முடிந்து உள்ளே நுழைய, கணவர் கிளம்பிக்கொண்டிருக்க, போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரெண்டும் ஒரே இனம்தாம்மா. கண்ணு ஒட்டியிருக்கிறது ஆண், கேப் இருக்கிறது பெண். கடிக்கிறதும் பெண்தான்."

"கடிக்கிற விஷயம் எனக்குத் தெரியுங்க சார்" என்றார் கணவர்.

எனக்கு அழுகை முட்டியது. அவரோ ஒரு கால் ஷூவோடு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புருசன வேற இனம்னு சொல்லி ஊருக்கே ஸ்வீட் குடுத்தவ நீ ஒருத்திதான்டி!"

கோபமாகத்தான் முறைத்தேன். அடுத்த நொடி நானும் சிரித்து, புரையேறி, அவர் என் தலையில் தட்ட, வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஃபிரிட்ஜைத் திறந்து, இரண்டு ஈக்களையும் ஒரே டப்பாவில் போட்டு மூடினேன். இவர்களுக்காவது ஒரே ஷிப்ட் கிடைக்கட்டும்.