இனிஷியல் முன்னால்தான் வரும்

எங்கள் வீட்டில் ஃபார்ம் நிரப்புவது என் இலாகா. ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், கேஸ் இணைப்பு என்று எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். என் கையெழுத்து அழகு என்பதற்காக இல்லை. தப்பு நேர்ந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். திட்டு வாங்கியும் அசராத ஆளாக இருந்தால் இன்னும் வசதி. அப்படித்தான் மகளின் அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் பக்கம் என் கைக்கு வந்தது. அந்த ஒரு பக்கத்திலேயே நான் என் வேலையைக் காட்டிவிட்டேன்.

அவள் அப்போது ப்ளஸ் டூ. மனதில் வைத்திருந்தது ஒரே ஓர் இடம்தான். வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதிலேயே பேர் வாங்கிய இடம் அது. உதவித்தொகையோடு கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. அந்த வருஷம் அவள் வேறு எதற்குமே ஆசைப்படவில்லை. பிறந்த நாளுக்கு டிரெஸ்கூட வேண்டாம் என்றுவிட்டாள்.

தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில், இதற்கெல்லாம் வழி சொல்லும் ஆலோசகர் ஒருவர் இருந்தார். கீழே குக்கர் மூடிகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மகளோடு போய் மார்க் ஷீட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு மேடம். உங்க பொண்ணுகிட்ட ஸ்டோரி என்ன இருக்கு? ஏதாவது கஷ்டப்பட்டிருக்காளா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு கஷ்டமும் தெரியாமதான் சார் வளர்த்திருக்கோம்."

"அதான் மேடம் ப்ராப்ளம்."

மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு சார். இதோ, பக்கத்து சேர்ல உக்காந்திருக்கு."

ஆலோசகர் சிரித்தார். நான் மார்க் ஷீட்டை மடித்துப் பைக்குள் போட்டேன்.

சேவை செய்தால் நல்லது என்று அவர் சொன்னதை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் குப்பை பொறுக்க அழைத்துப் போனேன். அங்கே குப்பையைவிடப் பொறுக்க வந்த பிள்ளைகள்தான் அதிகம். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கிய ஒரு பையனுக்குப் படம் எடுக்கத் தனியாக ஆள் இருந்தான். எங்களுக்கு மிஞ்சியது அரைக் கோணிப்பை. திரும்பும் வழியில் மகள், "போதும்மா, இனிமே நானே பாத்துக்கறேன்" என்றாள்.

கட்டுரையை அவளே எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. நானும் படிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பில், எட்டு வீட்டுக்காரர்கள் ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு முறை போட்டுக்கொண்ட கதை அது. அதில் ஒரு சண்டைக்காரி வருகிறாள். கத்திக் கத்தியே முறையை ஒழுங்காக்குகிறாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், சொல்ல வேண்டாமா.

கடைசி நாள் அன்று, "பேரு, அட்ரஸ் மட்டும் போட்டு வைம்மா, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் பெயர், கடைசிப் பெயர். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல் உண்டு, பிறகு பெயர் உண்டு. இனிஷியல் எப்போதும் முன்னால்தான் வரும். அதை விரித்து எழுதினால் என் கணவர் பெயர். ஆகவே முதல் கட்டத்தில் அவர் பெயரைப் போட்டேன், கடைசியில் மகள் பெயரை. போன் நம்பரும் மெயிலும்கூட அவருடையதுதான். மகள் போனை எடுத்தால் அதிசயம், அவர் முதல் மணியிலேயே எடுப்பார். இவ்வளவு யோசித்துச் செய்தேன். குளித்துவிட்டு வந்தவள் நேரமாகிறதென்று அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவருக்குப் போன் வந்தது. ஒரு பெண்குரல் அவர் பெயரைச் சொல்லி, அவர்தானா என்று கேட்டது. "யெஸ், ஸ்பீக்கிங்" என்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது சென்னையில் இருந்துகொண்டு அவர்கள் சார்பில் இன்டர்வியூ எடுப்பவளாம். சனிக்கிழமை பத்து மணிக்கு பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடையில் இன்டர்வியூ, பயப்படாமல் இயல்பாக வந்தால் போதும் என்றாளாம். போனை வைத்துவிட்டு அவர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னை வரச் சொல்றாங்க" என்றார்.

எனக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. இந்த ஊரில் எல்.கே.ஜி. சீட்டுக்கே அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அவ்வளவு பெரிய இடம், கேட்காமல் விடுமா?

அவருக்கு மகளின் எல்.கே.ஜி. இன்டர்வியூதான் உடனே ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. மயிலாப்பூரில் நல்ல பள்ளிக்கூடம். இவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர், தமிழ் மீடியம். நட்டு போல்ட்டு அத்தனைக்கும் ஆங்கிலப் பெயர் தெரியும், வாக்கியம்தான் வராது. இந்தப் பள்ளி ஏன் வேண்டும் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு வாரமாக ஒரு பத்தி மனப்பாடம் செய்திருந்தார். இன்டர்வியூ எடுத்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் அதே கேள்வியைக் கேட்டார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நியர்" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிறதாம். சீட் கிடைக்கவில்லை. மகள் அடையாறில் வேறு பள்ளியில் படித்து நன்றாகத்தான் வந்தாள். ஆனால் இவர் அந்த ஒரு வார்த்தையை மறக்கவே இல்லை. நானும் மறக்கவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வருஷமாகக் கடை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் "நியர்" என்று சொல்லி அவரைச் சீண்டியிருக்கிறேன்.

"அவகிட்ட சொல்லாத. டென்ஷன் ஆவா" என்றார். அந்த வாரம் முழுக்க பீரோ கண்ணாடி முன் நின்று உதடு அசைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, கல்யாணத்துக்குப் போடும் சட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"இன்னா சார், எங்கனா விசேஷமா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"காலேஜ் இன்டர்வியூ."

"யாருக்கு, உனுக்கா சார்?"

"ஆமா" என்றார் என் கணவர், ரொம்ப சீரியஸாக.

சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. எங்களைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் பார்த்தாள், பிறகு தன் போனைப் பார்த்தாள். இவர் பெயரைச் சந்தேகமாகச் சொன்னாள். "யெஸ் மேடம்" என்று அவர் விறைப்பாக உட்கார்ந்தார். அந்த விறைப்பைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, ஒன்றும் சொல்லாமல் ஆங்கிலத்தில் முதல் கேள்வியைக் கேட்டாள். ஏன் எங்கள் பல்கலைக்கழகம்?

அதே கேள்வி. இவர் தொண்டையைச் செருமினார். பிள்ளையாரப்பா, இந்தத் தடவையாவது ஒரு வாக்கியம் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

"ஃபார், மேடம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வெரி ஃபார்."

போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை, தமிழுக்கு மாறிவிட்டார்.

"ரொம்ப தூரம்மா. அதான் எங்க ரெண்டு பேருக்கும் பயம். பக்கத்துல இருக்குன்னு சொல்லி ஒரு சீட்டை நான் கெடுத்தேன். இது தூரம். ஆனாலும் அவ போகணும். எனக்குப் பேச வராதுங்கிறதை வெச்சு அவளை வேணாம்னு சொல்லிடாதீங்க."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். இத்தனை வருஷம் அந்த 'நியரை' வைத்து நான் சிரித்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அங்கிள், இன்டர்வியூ உங்களுக்கு இல்ல. உங்க பொண்ணுக்கு. ஃபார்ம்ல உங்க பேர்தான் முதல் பேரா இருக்கு."

இவர் மெதுவாக என்னைப் பார்த்தார். "இனிஷியல் முன்னாடிதானேங்க வரும்" என்றேன். வேறென்ன சொல்வது.

"அப்போ நான் பேசினது எதுலயும் சேராதா?" என்று அவளிடம் கேட்டார்.

"சேராது அங்கிள்."

"அப்பாடா" என்றார்.

மகளுக்குப் போன் போட்டோம். அன்றைக்கென்று முதல் மணியிலேயே எடுத்தாள். இருபது நிமிஷத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள், வீட்டில் போடும் சட்டை, தலை வாரவில்லை. எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை என்னால் எந்த ஃபார்மிலும் நிரப்ப முடியாது. எங்களை வெளியே அனுப்பினார்கள். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். இவர் பாதியை அப்படியே வைத்திருந்தார். உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வெளியே வந்தவள், "மோட்டார் கதையைத்தான் கேட்டாங்க. அந்தச் சண்டைக்காரி யாருன்னு சொல்லவே வேணாம், வெளியே உக்காந்திருக்காங்களே, பாத்துட்டேன்னாங்க" என்றாள்.

பெயரைத் திருத்தச் சொல்லி அன்றே மெயில் அனுப்பினாள். கவனிக்கிறோம் என்று பதில் வந்தது.

பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலை ஆறு மணிக்கு முடிவு வந்தது. மெயில் அவருடையதுதானே, அவர் போனில்தான் திறந்தது. நாங்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அன்புள்ள என்று போட்டு, அவர் பெயர். திருத்தவே இல்லை. அதற்குக் கீழே வாழ்த்துகள், உங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி, உதவித்தொகை முழுவதும் என்று இருந்தது. மகள் கத்தினாள், நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எட்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். "அப்பா, பேரு இன்னும் உங்களுதுதான் இருக்கு. உடனே மறுபடியும் மெயில் போடணும்."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்குப் போடும்மா" என்றார். "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்."