காரில் பத்து மணி நேரம்

வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டிய இடங்கள் என்று இப்போது ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். செல்போனைத் திறந்தால் ஒரு பனிமலை, அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு ஒருத்தி. எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. பத்து வயதில் அதை வைத்துத்தான் நான் என் அத்தையைக் காட்டிக்கொடுத்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. மூன்று அண்ணன்களுக்கு ஒரே தங்கை. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. கோயில் டூர், கல்யாண வேன், காலேஜ் பிள்ளைகளின் கொடைக்கானல் டூர் எல்லாவற்றுக்கும் போனில் பேசி நாள் குறித்துக் கொடுப்பாள். நாள் முழுக்க ஊர் உலகத்தைக் காசிக்கும் மூணாறுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தவள், பாண்டிச்சேரியைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியூர் போக மூன்று காரணங்கள்தான் உண்டு. கல்யாணம், சாவு, மொட்டை. சும்மா ஊர் பார்க்கப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள், யாரோடு என்றுதான் கேட்பார்கள்.

ஆபீஸில் மிஞ்சிப்போகும் நோட்டீஸ்களை அத்தை வீட்டுக்குக் கொண்டுவருவாள். படங்களை வெட்டி ஒரு பழைய டைரியில் நானும் அவளும் ஒட்டுவோம். முதல் பக்கம் கன்னியாகுமரி. பிறகு தாஜ்மகால், டார்ஜிலிங் ரயில், காஷ்மீர், அந்தமான், சிங்கப்பூர். என் பங்குக்கு நான் வண்டலூர் மிருகக்காட்சிசாலையை ஒட்டினேன். அத்தை சிரிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எழுதுவதுபோலவே அதன் கீழேயும் எழுதினாள்: பஸ் இரண்டரை மணி, கார் இரண்டு மணி. அது அவள் தொழில் பழக்கம். திண்டிவனத்திலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அந்த ஆபீஸில் வேன் ஓட்டிய ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. டைரியில் இருந்த பாதி ஊர்களுக்கு வண்டி ஓட்டிப் போய்வந்தவர். பக்கத்து ஊர்க் காலனிக்காரர். வீட்டு ஆண்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருடம் எங்கள் தெருவிலேயே ஒரு அக்காவுக்கு நடந்தது. வயிற்றுவலியில் செத்துப்போனாள் என்றார்கள். பெரியப்பா அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்து குளித்துவிட்டு, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் காய்ந்த நிலக்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, அள்ளும்போது அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நாளைக்கு நான் கன்னியாகுமரி போறேன். அவரும் வர்றாரு. காலைல பஸ் ஏறுனா ராத்திரிக்குள்ள போயிடலாம். செவ்வாக்கெழம விடியும்போது கடலோரம் நின்னுக்கினு சூரியன் எழும்புறத பாப்பேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நானும் வர்றேன்" என்றேன்.

"உன்ன அப்புறமா கூட்டிக்கினு போறேன். எங்க, நான் சொன்னத திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டேன் என்று மறுபடியும் சொல்ல வைத்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கைமேல் அடிக்கவைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அம்மா தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தை மீறினால் அம்மா செத்துப்போவாள் என்று நான் முழுசாக நம்பினேன்.

திங்கட்கிழமை காலை எப்போதும்போல டிபன் டப்பாவோடு வேலைக்குக் கிளம்பினாள். அன்று மல்லாட்டை மூட்டை விற்கத் திண்டிவனம் போன பெரியப்பா, மத்தியானம் அவள் ஆபீஸில் எட்டிப் பார்த்திருக்கிறார். அவளும் லீவு, அந்த டிரைவரும் லீவு. இரண்டு போனும் அணைந்திருந்தன. அங்கேயே ஒருவன் பல்லை இளித்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கூடத்தில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் நின்றிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அத்தையின் இரும்புப் பெட்டி கவிழ்ந்துகிடந்தது. அம்மா சுவரோரம் நின்றாள். சித்தப்பா கதவைச் சாத்தினார்.

"எங்கடி போனா அவ?" என்றார் பெரியப்பா.

"வேலைக்கு."

"பொய் சொல்லாத. ராத்திரி அவகூடத்தான படுக்குற? இன்னா சொன்னா உன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல."

அப்பா என் காதைப் பிடித்துத் தூக்கினார். அப்புறம் அடித்தார். தொடையில், முதுகில், எங்கே படுகிறது என்று பார்க்காமல். நான் சொல்லவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சொன்னால் அம்மா செத்துவிடுவாள் என்ற பயம் அடியைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா என் பையைக் கொட்டினார். டைரி விழுந்தது. அதை நான்தான் பைக்குள் ஒளித்திருந்தேன். பெரியப்பா புரட்டிப் பார்த்தார்.

"பாருடா, ராணி உலகம் சுத்தப் போறாங்க. காஷ்மீராம், சிங்கப்பூராம். இதுல எங்கடி இருக்கா அவ?"

அப்பா என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"உனுக்குத் தெரியாம நடக்குமா இது? நீதான் கூட இருந்து கெடுத்துட்ட."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கொழந்தைக்கும் தெரியாது. அவள விட்டுடுங்க" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவின் முடியைப் பிடித்தார். முதல் அடியில் வளையல் உடைந்தது. இரண்டாவது அடியில் தலை சுவரில் மோதியது. அம்மா அழவில்லை, கத்தவில்லை. கையைத் தூக்கி முகத்தைக்கூட மறைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாதே என்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது அடியில் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. சத்தியத்தை மீறினால் நாளைக்கோ என்றைக்கோ சாவாள், மீறாவிட்டால் இப்போதே செத்துவிடுவாள் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

"கன்னியாகுமரி!" என்று கத்தினேன். பாடம் ஒப்பிப்பதுபோல மீதியும் வந்தது. காலையில் பஸ், ராத்திரி போய்ச் சேருவது, செவ்வாய்க்கிழமை விடியும்போது கடலோரம்.

அப்போதும் பெரியப்பா முழுசாக நம்பவில்லை. "சின்னக் கழுத, எதையோ உளறுது" என்றார். உடனே அம்மா பாய்ந்து வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பொறி கலங்கிவிட்டது. கீழே விழுந்தேன்.

"சனியனே! சொல்லிட்டியேடி! அவள கொன்னுட்டியேடி பாவி!"

அம்மா அதற்கு முன்பு என்னை அடித்ததே இல்லை. மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அத்தையின் கையெழுத்தில் இருந்தது: பஸ் பதிமூன்று மணி, கார் பத்து மணி.

"மணி இன்னா இப்போ? ஆறா? ஜல்தி கெளம்புங்கடா. விடியறதுக்குள்ள போயிடலாம். எல்லா ஜனமும் ஒரே எடத்துலதான நிக்கும்? அங்கியே அமுக்கிடலாம்."

வாடகைக்கு ஒரு கார் வந்தது. சித்தப்பா மாட்டுக்கொட்டகைக்குப் போய் அரிவாளை எடுத்துத் துண்டில் சுற்றி, பின் சீட்டுக்கு அடியில் தள்ளியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துண்டு நான் பொங்கலுக்கு அவருக்கு எடுத்துக் கொடுத்த ஊதாத் துண்டு.

அவர்கள் போன பிறகு அம்மா முகம் கழுவினாள். உடைந்த வளையலைக் கூட்டி அள்ளினாள். சோறு போட்டாள். நான் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

விடியற்காலையில் எழுந்து மாடிக்கு ஓடினேன். கிழக்கே பனைமரங்களுக்குப் பின்னால் வெளுத்துக்கொண்டிருந்தது. சூரியன் வரக் கூடாது என்று வேண்டினேன். மயிலம் முருகனுக்கு மொட்டை போடுகிறேன், அலகு குத்திக்கொள்கிறேன், இன்றைக்கு ஒரு நாள் விடியாமல் பண்ணு என்று கேட்டேன். அது வழக்கம்போல வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் மாடியிலேயே வாந்தி எடுத்தேன்.

கீழே வந்தபோது அம்மாவின் போன் அடித்தது. மயிலத்தில் பூக்கடை வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரப் பெண். அவள் குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, உன் நாத்தனா இங்க மல மேல மாலையும் கழுத்துமா நிக்கிறா. தாலி கட்டியாச்சு. அண்ணன்கிட்ட சொல்லு!"

"அப்படியா?" என்றாள் அம்மா. "அவுங்க ஊர்ல இல்ல. நான் சொல்லிடுறேன். நீ போன் பண்ணாத, பேஜாரா போயிடும்."

போனை வைத்துவிட்டு என்னை உட்காரவைத்துத் தலைவாரினாள். அன்றைக்குப் போல அவ்வளவு நேரம் அவள் ஜடை பின்னியதே இல்லை. பின்னினாள், கோணலாக இருக்கிறது என்று பிரித்தாள், மறுபடி பின்னினாள். இட்லி சுட்டாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அத்தை உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மயிலம் அரைமணி நேரம். அதை விட்டுவிட்டு மூன்று பேரும் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, கடலைப் பார்த்து நின்ற ஒவ்வொரு ஜோடியின் முகத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அத்தையும் மாப்பிள்ளையும் விழுப்புரத்தில் போலீஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் அண்ணன்கள் மூவரையும் கூப்பிட்டு, தொந்தரவு பண்ண மாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். எங்களுக்கு அப்படி ஒரு தங்கையே இல்லை என்று பெரியப்பா அங்கேயே சொல்லிவிட்டு வந்தார்.

கொலை செய்யப் போனவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சித்தப்பா ஏழு கலர் மணல் பாக்கெட்டும் ஒரு சங்குமாலையும் வாங்கி வந்தார். பெரியப்பா மூன்று கடலும் சேருமிடத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த பத்து வருடம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தச் சூரிய உதயத்தைச் சொன்னார். "மனுசனாப் பொறந்தா ஒரு தடவ பாத்துடணும்பா" என்பார். எதற்காகப் போனோம் என்பதை மட்டும் விட்டுவிடுவார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். எனக்கு அந்த மணலை அவர் வாயில் கொட்ட வேண்டும்போல இருக்கும்.

அத்தை இப்போது விழுப்புரத்தில் இருக்கிறாள். சொந்தமாக ஒரு வேன், இரண்டு பிள்ளைகள். கன்னியாகுமரியை இன்னும் பார்க்கவில்லை. மாமா சவாரி போய்க்கொண்டே இருக்கிறார், அவள் போனில் புக்கிங் எடுத்துக்கொண்டே இருக்கிறாள். காலேஜ் சேர்ந்த வருடம் வீட்டுக்குத் தெரியாமல் அவளைத் தேடிப் போனேன். காலில் விழாத குறையாக அழுதேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், அடி தாங்க முடியவில்லை, மன்னித்துவிடு என்றேன்.

அத்தை சிரித்தாள். "லூசு, நீ சொல்லாம இருந்திருந்தாதான்டி நாங்க செத்திருப்போம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பத்து வயதுப் பிள்ளையிடம் பொய்யை மனப்பாடம் பண்ணவைத்து, அடிபட்டுக் கக்கட்டும் என்று விட்டுப்போயிருக்கிறாள். எத்தனை ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தேன் என்று தெரியுமா என்று கத்தினேன். அம்மாவின் உதடு கிழிந்தது தெரியுமா என்று கேட்டேன்.

அத்தையின் சிரிப்பு நின்றது. "தன் தலமேல உன்கிட்ட சத்தியம் வாங்கச் சொன்னதே அண்ணிதான்டி. எல்லாம் அவங்க போட்ட திட்டம். உன்ன அடிச்சா நீ சொல்ல மாட்ட, அவங்கள அடிச்சாதான் சொல்லுவன்னாங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் நேராக அம்மாவிடம் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். அடி வாங்கியதை விடு, என்னை ஏன் அறைந்தாய், அதுவும் அவ்வளவு பலமாக என்று கேட்டேன்.

அம்மா பிழிந்த சட்டையை உதறினாள். "மெதுவா அடிச்சிருந்தா உங்கப்பன் நம்பியிருப்பானா?" என்றாள். அதைக் கொடியில் போட்டுவிட்டு, "அதுக்கப்புறம் உன்ன தொட்டனா சொல்லு" என்றாள்.

தொடவில்லைதான். ஆனாலும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. அன்று கூடத்தில் கிடந்தபோது, என் வாயால்தான் அந்தக் கார் கிளம்பியது என்று நினைத்தேன். அப்பா அடித்ததால் சொன்னேன், பெரியப்பா சொன்னதால் போனார்கள் என்று நினைத்தேன். ரத்தம் வழிய ஒரு பக்கம் நின்றவளை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. மூன்று பேரையும் காரில் ஏற்றி அனுப்பிவைத்தவள் அவள்தான்.